கோமதியின் சீன எழுத்து வகுப்பு

போன மாதம் மகளின் பள்ளிக்கூடத்தில் பண்பாட்டு நாள். நாங்கள் குடியேறின நகரத்தின் எப்சம் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் வருடாவருடம் நடக்கிற கூத்து இது. அவரவர் நாட்டு உடுப்பில், அவரவர் நாட்டுப் பலகாரத்தைத் தட்டில் அடுக்கிக்கொண்டு போய் நிற்க வேண்டும். நான் சேலை உடுத்து, பயற்றம் பணியாரம் கொண்டுபோனேன். பக்கத்து மேசைச் சமோசா பத்து நிமிடத்தில் முடிந்தது. என் பணியாரம் போன மாதிரியே வீடு திரும்பும் என்பது அனுபவத்தில் தெரியும் என்பதால், மேசையை மகளிடம் விட்டுவிட்டு மண்டபத்தைச் சுற்றிப் பார்க்கப் போனேன்.

மூலையில் இருந்து அந்த மணம் வந்தது. கற்பூரத்தையும் ஈரச் சாக்கையும் ஒரு பெட்டியில் பூட்டிவைத்துத் திறந்தால் எப்படி இருக்கும், அப்படி. போத்தலில் வருகிற சீன மை. இளம் பெண் ஒருத்தி பிள்ளைகளுக்குத் தூரிகை பிடிக்கக் காட்டிக்கொண்டு நின்றாள். சும்மா எட்டிப் பார்த்த என் கையிலும் ஒன்றைத் தந்தாள். விரல்கள் தம்பாட்டில் போய் அந்தந்த இடத்தில் அமர்ந்தன, தூரிகை நட்டுக்கு நிமிர்ந்து நின்றது. அவள் என் கையைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். முன்பு படித்திருக்கிறீர்களா என்று கேட்டாள்.

இல்லை என்றேன். சொல்லிவிட்டுத் தூரிகையைக் கீழே வைத்து, கார்கள் நிற்கிற இடத்துக்குப் போய் நின்றேன். முன்பின் தெரியாத பிள்ளையிடம் அப்படி ஒரு பொய் சொல்ல எனக்கு என்ன தேவை? தேவை இருந்தது. அதை உங்களிடம் சொல்லலாம் போல் இருக்கிறது.

பதினைந்து வருடத்துக்கு முந்தின கதை. நானும் கணவரும் அப்போது இதே நகரத்தின் லின்ஃபீல்டில், ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருந்தோம். ஊரில் நான் பொறியியல் படவரைஞர். பாலமும் மதகும் வரைந்த கை. இங்கே வந்து முதியோர் இல்லத்துச் சமையலறையில் கேரட் சீவிக்கொண்டிருந்தது. வேலைக்கு விண்ணப்பித்த இடமெல்லாம் ஒரே கேள்விதான்: உள்ளூரில் உங்களைத் தெரிந்த, உங்களைப் பற்றி நாலு வார்த்தை சொல்லக்கூடிய ஆள் யார்? எனக்கு யாரைத் தெரியும்? கேரட்டைத் தெரியும். அப்படி நாலு வார்த்தை சொல்ல ஆள் தேடித்தான், தெருமுனையில் இருந்த பழைய மர மண்டபத்தில் தொண்டு வேலைக்குச் சேர்ந்தேன். கதிரை அடுக்குவது, சாவி கொடுப்பது, கூட்டக் குறிப்பு எழுதுவது. அழகாகக் குறிப்பு எழுதினேன் என்று ஆறாம் மாதமே என்னை நிர்வாகக் குழுவில் செயலாளராக்கினார்கள். அன்றைக்கு வீட்டில் பாயசம் வைத்தேன் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். வைத்தேன்.

கோமதியை அங்கேதான் கண்டேன். ஈப்போவில் பிறந்த மலேசியத் தமிழ்ப் பெண், என் வயது, ஒரு பல் வைத்தியரிடம் உதவியாளராக வேலை பார்த்தாள். முதல் நாள் என்னைப் பார்த்ததும், "பசியாறிட்டியா?" என்றுதான் கேட்டாள். காலைச் சாப்பாடு முடிந்ததா என்று அர்த்தமாம். நான் பசியில் வாடிப்போய்த் தெரிகிறேனோ என்று நினைத்துக் கொஞ்சம் வெட்கப்பட்டேன். நான் அவளை, யாழ்ப்பாணத்தில் சம வயதுக்காரரை விளிக்கிற மாதிரி, "நீர் எங்க இருக்கிறீர்?" என்று கேட்க, அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். ராஜா வேஷம் கட்டின நாடகத்தில் மட்டும்தான் அந்தச் சொல்லைக் கேட்டிருக்கிறாளாம். அதற்குப் பிறகு வேண்டுமென்றே என்னை "மகாராணி" என்று கூப்பிடுவாள்.

அவள் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தது சீனப்பள்ளி. தமிழ்ப்பள்ளிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். தகப்பன் லாரி ஓட்டினவர், பிள்ளையை நடந்துபோகிற இடத்தில் சேர்த்துவிட்டார். வகுப்பில் அவள் ஒருத்திதான் தமிழ். அங்கே தூரிகை எழுத்தும் ஒரு பாடம். முதல் வருடம் அவள் பக்கத்தில் உட்கார யாரும் விரும்பவில்லையாம், ஆறாம் வருடம் புத்தாண்டுக்குப் பள்ளி வாசலில் ஒட்டுகிற சிவப்புத் தாளை எழுதினவளே அவள்தான். இதை அவள் பெருமையாகவும் சொல்ல மாட்டாள், துக்கமாகவும் சொல்ல மாட்டாள். பஸ் நேரம் சொல்வது போலச் சொல்வாள்.

மண்டபத்தில் சனிக்கிழமை காலைகள் வெறுமையாகக் கிடந்தன. கோமதி வகுப்பு எடுக்கிறேன் என்றாள். குழுத் தலைவி, ஓய்வுபெற்ற வெள்ளைக்கார ஆசிரியை, எவ்வளவு அழகான யோசனை என்று கைதட்டினார். பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்தார்கள். பாதிப் பேர் இங்கேயே பிறந்த சீனப் பிள்ளைகள். வீட்டில் என்ன கேட்டாலும் ஆங்கிலத்தில் பதில் சொல்கிற பிள்ளைகள், நம் பிள்ளைகள் மாதிரியே. மீதி, வேறு பொழுதுபோக்குக் கிடைக்காத பெரியவர்கள். அதில் நான் ஒருத்தி.

முதல் பாடம் ஒரு கோடு. குறுக்கே, இடமிருந்து வலம், ஒன்றே ஒன்று. சீனத்தில் அதுவே 'ஒன்று' என்கிற எண்ணும்கூட. நான் மதகு வரைந்தவள், ஒரு கோட்டுக்கு வகுப்பா என்று மனதுக்குள் இளக்காரம். தூரிகையைப் பேனை மாதிரிச் சாய்த்துப் பிடித்து இழுத்தேன். தாளில் மிதிபட்ட மண்புழு ஒன்று கிடந்தது. கோமதி வந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து மறுபடி வைத்தாள். தூரிகை நிமிர்ந்து நிற்க வேண்டும், உள்ளங்கைக்குள் ஒரு முட்டை இருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டும். தொடங்குகிற இடத்தில் நுனியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி மறைத்து, பிறகு வலப்பக்கம் நகர்த்தி, முடிகிற இடத்தில் நின்று, அழுத்தி, வந்த வழியே ஒரு துளி திரும்பி எடுக்க வேண்டும். ஒரு சாண் கோட்டுக்குள் இவ்வளவு வேலை.

என் கையோ முடிகிற இடத்துக்கு வந்ததும் தானாக வளைந்தது. எழுத்துப் படித்த நாளில் இருந்து சுழித்துப் பழகிய கை. கோமதி தலைக்கு மேலே நின்று பார்த்துவிட்டு, "ஒரு சுழி போடாம ஒனக்கு முடிக்கவே தெரியாதா லா?" என்றாள், மலேசியக்காரருக்கே உரிய அந்த 'லா'வோடு. நாங்கள் இரண்டு பேரும் சிரிப்பதைப் பிள்ளைகள் விளங்காமல் பார்த்தார்கள். தமிழில் மட்டும்தான் அந்தப் பகிடி வேலை செய்யும்.

பழைய பத்திரிகைத் தாளில் மூன்று சனிக்கிழமை அந்த ஒரே கோடு. பிறகு நெட்டுக்கோடு, பிறகு புள்ளி. புள்ளி என்றால் லேசு என்று நினைக்காதீர்கள். நான் வைத்த புள்ளியெல்லாம் இலையான் மொய்த்துவிட்டுப் போன மாதிரி இருந்தது. பிறகு குறுக்கும் மறுக்கும் கோடு அச்சடித்த சதுரத் தாள். சதுரத்துக்குள் எழுத்து நடுவில் நிற்க வேண்டும், சுவரில் சாயக் கூடாது. எழுதின கோட்டின் மேல் திரும்பத் தூரிகை வைத்துத் திருத்துவதற்கு அவள் விடவே மாட்டாள். கோணலானால் கோணலாக இருக்கட்டும், அடுத்ததை எழுது என்பாள். முடிந்ததும் குசினித் தொட்டியில் பச்சைத் தண்ணீரில் தூரிகைகளைக் கழுவி, நுனி கீழே தொங்க மாட்டுவோம். கழுவிக்கொண்டே கதைப்போம். என்னுடைய விண்ணப்பக் கடிதங்களை எல்லாம் அவள் அந்தத் தொட்டிக்கரையில்தான் படித்துத் திருத்தித் தந்தாள். ஒவ்வொரு நிராகரிப்பு வரும்போதும் அவளுக்குத்தான் முதலில் சொல்வேன். வீட்டில் சொன்னால் கணவர் மௌனமாகிவிடுவார். அவள் நிராகரித்தவர்களைத் திட்டுவாள். திட்டுவது எனக்குப் பிடித்திருந்தது.

இரண்டாம் பள்ளித் தவணை தொடங்கிய முதல் சனிக்கிழமை ஒரு தகப்பன், ஏழெட்டு வயது மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். சீனாவில் இருந்து புதிதாக வந்தவர். கோமதி மேசைக்குத் துணி விரித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் ஆங்கிலத்தில், மரியாதையாகத்தான், ஆசிரியர் எத்தனை மணிக்கு வருவார் என்று கேட்டார். நான்தான் என்று கோமதி சீனத்தில் பதில் சொன்னாள். தொடர்ந்து ஏதோ சொன்னாள், பிள்ளையின் பெயரைக் கேட்டிருப்பாள் என்று நினைக்கிறேன். அவர் முகத்தில் பயம் போல ஒன்று வந்து போனது. தலையசைத்தார், சுவரில் மாட்டியிருந்த எழுத்துகளைப் பார்த்தார், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த கிழமை அவரிடம் இருந்து குழுவுக்குக் கடிதம் வந்தது. வகுப்பை ஒரு சீனர் நடத்தினால் பொருத்தமாக இருக்குமே என்று இரண்டு வரி. அந்த மனிதர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் கோமதி எழுதினதைச் சரியாகப் பார்க்கவும் இல்லை. பார்த்தவர்கள் இருந்தார்கள். வகுப்பில் இருந்த ஒரு சீனத் தாய், தன் தகப்பனின் எழுத்தைவிட கோமதியின் எழுத்து நல்லது என்று என்னிடமே சொல்லியிருக்கிறார். நான் அதைக் கூட்டத்தில் சொல்லியிருக்கலாம்.

கூட்டத்தில் தலைவி மெதுவாகப் பேசினார். அவர் கெட்டவர் என்று என்னால் சொல்ல முடியாது. என் முதல் குளிர்காலத்தில் தன் கம்பளிக் கோட்டைத் தந்த மனுசி. மண்டபத்தின் புதிய விளம்பரத் தாளில் இந்த வகுப்பின் படத்தைப் போடப்போகிறார்கள், மக்கள் ஒரு விதமாக எதிர்பார்ப்பார்கள் என்று சொல்லி, வாக்கியத்தை முடிக்காமல் விட்டார். பெய்ஜிங்கில் இருந்து வந்த ஒரு பெண் வகுப்பெடுக்கத் தயாராக இருக்கிறாராம். ஆட்சேபம் உண்டா என்று கேட்டார். ஐந்து பேர் இருந்தோம். நான் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். 'ஆட்சேபம் இல்லை' என்று எழுதினேன்.

கூட்டம் முடிந்து கோப்பை கழுவும்போது தலைவி என் தோளைத் தொட்டார். கோமதிக்கான கடிதத்தை நான் எழுதினால் நல்லது, நானும் அவளும் ஒரே சமூகம், என்னிடம் இருந்து வந்தால் அவளுக்கு வலிக்காது என்றார். அதே மூச்சில், ஒரு பொறியியல் அலுவலகத்தில் இருந்து என் விண்ணப்பத்தைப் பற்றித் தனக்குத் தொலைபேசி வந்ததாகவும், மிக நல்லபடியாகச் சொல்லியிருப்பதாகவும், திரும்பவும் என்னைக் கூப்பிடுவார்கள் என்றும் சொன்னார். இரண்டையும் அவர் முடிச்சுப் போட்டுச் சொல்லவில்லை. அவருக்கு அந்தக் குணம் கிடையாது. முடிச்சுப் போட்டது நான்தான்.

வீட்டில் சாப்பாட்டு மேசையில் இருந்து எழுதினேன். நாலு தரம் எழுதிக் கிழித்தேன், மனச்சாட்சியால் என்று நினைத்துவிடாதீர்கள், ஆங்கிலம் அழகாக வர வேண்டும் என்பதற்காக. 'ஆத்தெண்டிக்', அதாவது அசலான, என்கிற சொல்லை அகராதியில் பார்த்து உறுதிப்படுத்திப் போட்டேன். அவளுடைய பங்களிப்புக்கு மனமார்ந்த நன்றி என்றும், மரபுக்கு உரியவர் ஒருவரிடம் வகுப்பை ஒப்படைப்பதே பொருத்தம் என்றும் எழுதி, கீழே 'நிர்வாகக் குழு' என்று போட்டேன். என் பெயரைப் போடவில்லை. கணவரிடம் காட்டினேன். படித்துவிட்டு, "இதை நீர்தான் எழுத வேணுமோ?" என்று கேட்டார். அவருக்கு அலுவலக உலகம் விளங்காது என்று பதில் சொன்னேன்.

சனிக்கிழமை கோமதி வழமையைவிட முந்தி வந்தாள். குசினியில் நான் தண்ணீர்க் கிண்ணங்களை நிரப்பிக்கொண்டிருந்தேன். கைப்பையில் இருந்து கடிதத்தை எடுத்து விரித்தாள்.

"இத யாரு எழுதுனா?"

"கமிட்டி."

"கமிட்டிக்குக் கையி இருக்கா?"

நான் குழாயை மூடினேன். அவள் குரல் ஏறவில்லை.

"இந்த ஹால்ல என் பேர ஒருத்தரும் ஒழுங்கா எழுதுனதே இல்ல. நோட்டீஸ்ல கொமாட்டி, சாவி லிஸ்ட்ல கோமி. இதுல எங்கப்பா பேரு மொதக்கொண்டு ஒரு எழுத்துப் பெசகல."

அந்தக் கடிதத்தில் நான் கவனமாகச் செய்த ஒரே நல்ல காரியம் அவள் பெயரைச் சரியாக எழுதினதுதான். அதுதான் காட்டிக்கொடுத்தது.

"எங்கிட்ட வந்து சொல்லியிருந்தா நானே விட்டுட்டுப் போயிருப்பேன்," என்றாள். கடிதத்தை நாலாக மடித்து வைத்துக்கொண்டு கிண்ணங்களைத் தூக்கிப் போனாள்.

அன்றைக்கு வகுப்பை நடத்தினாள். பிள்ளைகளுக்கு ஒன்றும் சொல்லவில்லை. 'என்றென்றும்' என்று பொருள்படுகிற ஓர் எழுத்து இருக்கிறது, அடிப்படைக் கோடுகள் எட்டும் அந்த ஒரே எழுத்துக்குள் வந்துவிடும் என்பதால் தொடக்கக்காரர் எல்லோரும் அதைத்தான் எழுதிப் பழகுவார்கள். அதைத்தான் அன்றைக்குச் சொல்லித்தந்தாள். ஒவ்வொரு மேசையாக வந்தாள். என் மேசையைத் தாண்டிப் போய்விடுவாள் என்று நினைத்தேன். தாண்டவில்லை. என் தாளைப் பார்த்து, மணிக்கட்டு இறுகியிருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொல்லி, மற்றவர்களுக்குச் செய்தது போலவே என் கையைப் பிடித்து ஒரு தரம் எழுதிக் காட்டிவிட்டு அடுத்த மேசைக்குப் போனாள். முடிந்ததும் தன் தூரிகைகளைத் தானே கழுவி, ஈரத்தோடு துவாயில் சுற்றிக் கொண்டுபோனாள். வேலை தேட எனக்கு அவள் செய்த உதவியை எல்லாம் யோசித்துப் பார்த்தபடி நான் கதிரைகளை அடுக்கினேன். மண்டபத்தில் எனக்குத் தந்திருந்த வேலை அதுதான்.

பொறியியல் அலுவலகத்தில் என்னை எடுத்தார்கள். இன்றைக்கு இந்த எப்சம் முகவரி, மகளின் இந்தப் பள்ளிக்கூடம், எல்லாம் அந்த வேலையின் மேல் கட்டினது. நல்ல வேலை. நன்றாகத்தான் செய்கிறேன். அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதை பொய்யாகிவிடும். தண்டனை ஒன்றும் எனக்குக் கிடைக்கவில்லை.

புதிதாக வந்த ஆசிரியை பண்பானவர். முதல் நாளே பிள்ளைகளின் கோடுகளைப் பார்த்து வியந்துபோய், இவ்வளவு நல்ல அடித்தளம் போட்டது யார் என்று என்னிடம் கேட்டார். ஒரு மலேசியப் பெண் என்றேன். ஓ, மலேசியச் சீனர்கள் பழைய முறையை நன்றாகக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள் என்று தலையாட்டினார். நான் திருத்தவில்லை. கடிதமாவது வேலைக்காக எழுதினேன். இதை எதற்காகச் செய்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. விளக்கம் சொல்லச் சோம்பலாக இருந்தது என்பதுதான் உண்மைக்குக் கிட்ட வருகிற பதில். இரண்டு தவணையில் அவருக்கு வேறு வேலை கிடைத்தது. வகுப்பு நின்றது. அதற்கு முன்பே நான் நின்றுவிட்டேன்.

பிறகு ஒரு தரம் கோயிலில், அன்னதான வரிசையில், கோமதிக்குப் பின்னால் நின்றேன். மகள் அப்போது இடுப்பில். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எத்தனையோ தரம் மனதில் எழுதிவைத்திருந்தேன். "கோமதி, அந்தக் கடிதம் விசயமாக உம்மோட கதைக்க வேணும்" என்று தொடங்கினேன். அவள் திரும்பி, பிள்ளையின் கன்னத்தைத் தொட்டாள்.

"அத விடுங்க. ஒங்களுக்கு வேலை கெடச்சிருச்சுல்ல," என்றாள். "சாப்புட்டுப் போங்க."

குத்திக்காட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். உண்மையாகவே விசாரித்தாள். அந்த 'ங்க'தான் தாங்க முடியவில்லை. அந்த வருடக் கடைசியில் குடும்பத்தோடு கடல் தாண்டிப் பேர்த் நகரத்துக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். அங்கே தூரிகையைத் தொடுகிறாளா என்று கேட்டறிய எனக்கு ஆள் இல்லை. இருந்தாலும் எந்த முகத்தோடு கேட்பது.

தலைவி காலமானார். மண்டபத்தின் கூரை ஒழுகத் தொடங்கி, திருத்த வழியில்லாமல் விற்றார்கள். அந்த இடத்தில் இப்போது ஒட்டி ஒட்டி ஆறு வீடுகள், ஒவ்வொன்றும் மாடியோடு. போன வருடம் அதில் ஒன்றை எங்களுக்குத் தெரிந்த ஓர் இளம் தம்பதி வாங்கினார்கள். நகரத்தின் மறுகோடியான தகனினியில் இருந்து தினமும் மோட்டர்வேயில் வேலைக்கு ஓடிக் களைத்துப்போனவர்கள். பால் காய்ச்சக் கூப்பிட்டார்கள். போனேன். ஆறு வீட்டில் எது மேசைகள் இருந்த இடம், எது குசினி என்று மனதுக்குள் அளந்து பார்த்தேன். படவரைஞர் புத்தி. ஒன்றும் பிடிபடவில்லை. நிலத்தையே வெட்டித் தாழ்த்தியிருந்தார்கள்.

வீட்டுக்காரப் பிள்ளை தேநீர் தந்து, இந்தப் பக்கம் உங்களுக்கு முந்தியே பழக்கமா அக்கா என்று கேட்டாள். சுற்றிவர ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். இத்தனை வருடத்தில் முதல் தரமாக வாய் திறந்தேன்.

"ஓம். இதில ஒரு மண்டபம் இருந்தது. சனிக்கிழமையில ஒரு தமிழ்ப் பிள்ளை சைனீஸ் எழுத்துப் படிப்பிச்சவ. சைனாக்காரப் பிள்ளையளுக்கு."

வீட்டுக்காரப் பிள்ளையின் கணவர்தான் முதலில் சிரித்தார்.

"நல்ல பகிடி அக்கா," என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். உண்மை என்று சொல்ல வாய் எடுத்தேன். அதற்கு ஒரு தாள் இல்லை, படம் இல்லை, அந்த மண்டபத்தின் ஒரு பலகைகூட இல்லை. நானும் சிரித்தேன்.